ஒரே தொட்டி, எல்லாக் கைகளும்

மழலையர் வகுப்பு: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்துவிட்டன. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் பேணக் கற்றுக்கொடுப்பது எப்படி, உடற்குறையோ புலன்குறையோ உள்ள குழந்தையும் அந்தக் கற்றலில் மற்றவர்களோடு சமமாகக் கலந்துகொள்ளச் செய்வது எப்படி என்பதே அந்தப் பொருள். ஆகவே, பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். வகுப்பில் 22 பேர். அவர்களில் ஒரு சிறுவன் சக்கர நாற்காலியில் வருகிறான். ஒரு சிறுமிக்குப் பார்வை மிகவும் குறைவு. இன்னொரு சிறுவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது, பேச்சு இன்னும் வரவில்லை. இரண்டு மாதங்களுக்குச் செடி வளர்க்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கவிருக்கிறோம். இந்த மூவருக்கும் அந்த நேரத்தில் செடிப் படங்களைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லலாம் என்கிறார் சக ஆசிரியை. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால், வேறு வழியும் தெரியவில்லை.

பதில்: சக ஆசிரியை கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அந்த யோசனையை ஏற்காதீர்கள். மற்றவர்கள் மண்ணை அளைந்துகொண்டிருக்கும்போது ஓரமாக உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டும் குழந்தை செடியைப் பற்றி எதையும் அறிந்துகொள்வதில்லை. அந்தச் செடிக்குத் தன்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்பதைத்தான் அறிந்துகொள்கிறது. மீதி 19 குழந்தைகளும் கூடவே அதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது இன்னும் வருத்தமானது.

பேணும் குணம் சொல்லி வருவதல்ல. ஓர் உயிர் தன்னை நம்பியிருக்கிறது, தான் மறந்தால் அது வாடும் என்பதை நாள்தோறும் செய்யும் ஒரு சிறு வேலையின் வழியாகக் குழந்தை உணரும்போதுதான் அது படிகிறது. ஆகவே, எந்தக் குழந்தைக்கும் அந்த வேலை இல்லாமல் போகக் கூடாது. மூவருக்காக மூன்று தனி வேலைகளைத் தேடத் தொடங்கினால் நீங்கள் களைத்துப்போவீர்கள், அவர்களும் தனித்துப்போவார்கள். வேலை எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அதற்குள் நுழையும் வாசல்களை மட்டும் கூடுதலாகத் திறந்து வையுங்கள்.

பெரிய விதையில் தொடங்குங்கள். கடுகளவு விதையை எடுத்துப் போட நான்கு வயது விரல்கள் பலவற்றுக்கும் வராது. மொச்சை, அவரை போன்றவற்றின் விதைகள் எல்லாக் கைகளுக்கும் அடங்கும். முதல் நாள் மாலை விதைகளில் பாதியை ஊற வைத்துவிட்டு, மறுநாள் காய்ந்த விதை ஒன்றையும் ஊறிய விதை ஒன்றையும் ஒவ்வொரு குழந்தையின் உள்ளங்கையிலும் வையுங்கள். ஒன்று கல்லைப் போல் கெட்டியாக, ஒலியெழுப்பக்கூடியதாக இருக்கும்; மற்றது பருத்து, கனத்து, தோல் வழுக்கிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாட்டை அறியக் கண் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்க எல்லாரையும் அழைத்தால், பார்வை குறைந்த சிறுமிக்கென்று தனியாக எதையும் செய்ய வேண்டியிருக்காது. அவளுக்கு எஞ்சியிருக்கும் பார்வையையும் பயன்படுத்துங்கள்: வெளிறிய விதையைக் கறுப்புத் தட்டிலும், கருத்த விதையை வெள்ளைத் தட்டிலும் வையுங்கள். தட்டு பளபளக்கக் கூடாது, அவள் முகம் சன்னலின் கண்கூச்சும் வெளிச்சத்தைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. தொட்டிகளின் இடத்தையும் நினைத்தபோதெல்லாம் மாற்றாதீர்கள்.

ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. என் வகுப்பில் ஓராண்டு இப்படித்தான் விதைத்துவிட்டுக் காத்திருந்தோம். அவரை வகை விதைகளில் முதலில் வேர் கீழே இறங்கும். பிறகு வளைந்த கழுத்தைப் போன்ற தண்டு மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும். முளை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மேல்மண் கொப்புளம் போல் சற்று உப்பி, மயிரிழையளவு வெடிப்பு விடும். பார்த்துக்கொண்டேயிருந்த நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பார்வை குறைந்த சிறுமி ஒருத்திதான், வழக்கம்போல் விரல்நுனியால் மண்ணைத் தடவியவள், “இங்கே மண் எழுந்திருக்கிறது” என்றாள். மறுநாள் காலையில் அதே இடத்தில் முளை நின்றது. அதன் பிறகு வகுப்பில் எல்லாரும் முதலில் தடவிவிட்டுத்தான் பார்த்தார்கள்.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் பூவாளி நிறைந்தால் ஒரு கிலோவுக்கு மேல் எடையாகிவிடும். அது இந்த வயதுக்கு ஏற்றதல்ல. மூடியில் துளையிட்ட கால் லிட்டர் பாட்டில், நனைத்துப் பிழிய ஒரு கடற்பஞ்சு, நீண்ட குழாய் பொருத்திய ஒரு புனல் ஆகிய மூன்றையும் ஒரே கூடையில் வைத்துவிடுங்கள்; எதை எடுப்பது என்பதை ஒவ்வொரு குழந்தையும் தானே முடிவு செய்யட்டும். சக்கர நாற்காலியிலிருந்து குனிய முடியாத சிறுவன் புனலை எடுப்பான். அதைப் பார்த்து நான்கு பேர் புனலுக்குச் சண்டை போடுவார்கள். சண்டை வரட்டும், நல்லதே.

தொட்டிகளைத் தரையில் பரப்பாமல் மேசையில் வையுங்கள். மேசையின் அடியில் அந்தச் சிறுவனின் முழங்கால்கள் இடிக்காமல் நுழைய வேண்டும். உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து முழங்கால் வரையுள்ள உயரத்தை அளந்து, அதற்கு மேல் நான்கு விரற்கடை விட்டுப் பலகை அமையட்டும். தொட்டி மேசையின் நடுவில் அல்லாமல் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். மேசைக்குச் செல்லும் வழி 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சரளைக்கல்லும் மணலும் இல்லாமல் இருக்க வேண்டும். மேசையை வாங்கிப் போட்டுவிட்டு வழியைப் பொருட்களால் அடைத்து வைத்திருக்கும் வகுப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேச்சு வராத சிறுவனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்கு ஒரு வேலைப்பலகை செய்யுங்கள். படம் மட்டும் ஒட்டாமல், தண்ணீர் ஊற்றும் வேலைக்கு ஒரு துண்டுக் கடற்பஞ்சு, சருகு பெருக்கும் வேலைக்கு நான்கு துடைப்பக் குச்சிகள், மண்ணைத் தொட்டு ஈரம் பார்க்கும் வேலைக்கு உப்புத்தாள் என்று உண்மைப் பொருளையே அட்டையில் ஒட்டுங்கள். பேச்சு வராத சிறுவன் அட்டையை எடுத்துக் கொடுத்து வேலையைக் கேட்பான்; பார்வை குறைந்த சிறுமி தடவி அறிவாள்; மற்ற 20 பேருக்கும் எழுத்து தெரியாது என்பதை மறந்துவிடாதீர்கள், அவர்களுக்கும் அதுவே வசதி. குறை உள்ளவருக்கென்று செய்த ஏற்பாடு எல்லாருக்கும் உதவுவது புதிய செய்தியும் அல்ல. மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்குவதற்கு முன், அறிவுத்திறன் வளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு பணியாற்றியவர். அங்கே அவர் கையாண்ட தொட்டு உணரும் கருவிகளின் அனுபவமே பிறகு எல்லாக் குழந்தைகளுக்குமான கல்விமுறையாக விரிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு தொட்டிக்கு 22 பேரும் தண்ணீர் ஊற்றினால் ஒரே வாரத்தில் வேர் மூச்சு முட்டி அழுகும். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது என்று வழக்கப்படுத்துங்கள். ‘இன்று வேண்டாம்’ என்று முடிவெடுப்பதும் பேணுதல்தான். இரண்டாவது, துணைக்கு நிற்கும் தோழனைப் பற்றியது. ஒரே குழந்தையை நாள்தோறும் துணைக்கு நிறுத்தினால், மாதக் கடைசியில் ஒருவன் கொடுப்பவனாகவும் இன்னொருவன் பெறுபவனாகவும் ஆகிவிடுவார்கள். துணை நாளுக்கு நாள் மாறட்டும். சக்கர நாற்காலிச் சிறுவன் வேறொருவனுக்குத் துணையாக நிற்கும் நாளும் பலகையில் இருக்கட்டும். எந்தத் துணையும் மற்றவன் கையிலிருப்பதைப் பிடுங்கித் தானே செய்து முடித்துவிடக் கூடாது. வேலை முழுவதையும் செய்ய இயலாத குழந்தைக்கு அதன் கடைசிப் படியை விட்டுக்கொடுங்கள். பாட்டிலை நிரப்புவது, தூக்குவது, கொண்டுவருவது எல்லாம் பிறர் உதவியோடு நடந்தாலும், சாய்த்து ஊற்றும் அந்தக் கணம் அக்குழந்தையுடையதாக இருந்தால், ‘நான் ஊற்றினேன்’ என்பது உண்மையாகிவிடும்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம் உள்ளவன். ஈர மண்ணைத் தொட்டால் அலறிவிடுவான். பள்ளியில் தோட்ட வேலை நடக்கும்போது, ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று கையைப் பிடித்து மண்ணுக்குள் அழுத்துகிறார்கள். இப்போது பள்ளிக்கே போக மறுக்கிறான். இது சரியா, அம்மா?

பதில்: சரியில்லை. அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

உங்கள் மகனுக்கு இது அடமல்ல. சில குழந்தைகளின் நரம்பு மண்டலம் நம் தோலுக்கு இதமாகத் தெரியும் ஓர் உணர்வை வலிக்கு இணையாக வாங்கிக்கொள்ளும். ஒட்டக்கூடியதும் ஈரமானதுமான பொருட்களிடம் இது அதிகம் வெளிப்படும். அந்த நிலையில் கையைப் பிடித்து அழுத்தினால், மண்ணும் தோட்டமும் அவற்றோடு சேர்ந்த ஆசிரியையும் அச்சத்துக்குரியனவாகிவிடும். இயற்கையை நேசிக்கக் கற்றுக்கொடுக்கப் போய், நேர்மாறானதைக் கற்றுக்கொடுத்ததாக முடியும்.

பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியவை இவை. அவன் கையுறை போட்டுக்கொள்ளலாம், சிறு கரண்டியைப் பயன்படுத்தலாம். மண்ணைக் கெட்டியான, மூடி ஒட்டும் நெகிழிப் பையில் போட்டுக் கொடுத்தால் வெளியிலிருந்து பிசைந்து பார்ப்பான்; மண்புழுவையோ முளைத்த விதையையோ கண்ணாடிக் குவளையில் வைத்தால் தொடாமலே நெடுநேரம் பார்ப்பான். ஈர மண்ணுக்கு முன் காய்ந்த மணல், அதற்கு முன் சருகு என்று ஒவ்வொன்றாக அவன் தானே நெருங்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துண்டும் தண்ணீரும் இருக்க வேண்டும். நினைத்த கணத்தில் துடைத்துக்கொள்ளலாம் என்ற உறுதி இருந்தால்தான் அவன் விரலை நீட்டுவான். எப்போது நிறுத்துவது என்பது அவன் கையில் இருக்க வேண்டும். ‘போதும்’ என்பதற்கு ஓர் அட்டையோ சைகையோ வைத்துக்கொண்டு, அவன் காட்டிய நொடியே நிறுத்துங்கள். சில மாதங்கள் கழித்து அவன் மண்ணைத் தொடலாம். தொடாமலே போகவும் செய்யலாம். மண்ணைத் தொடாமலும் ஒரு செடியை நன்றாக வளர்க்க முடியும்.

கேள்வி: என் வகுப்பில் மூன்று வயதுக் குழந்தைகள். இடைவேளையில் எறும்புகளை மிதிக்கிறார்கள், பூக்களைப் பிய்த்து எறிகிறார்கள். கண்டித்தும் பயனில்லை. இவ்வளவு சிறு வயதிலேயே இப்படிக் கொடூரமாக இருப்பார்களா?

பதில்: கொடூரம் என்ற சொல்லை விட்டுவிடுங்கள். மூன்று வயதில் எறும்பை மிதிப்பது பெரும்பாலும் ஒரு சோதனை: ‘இதை இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ தன்னைப் போலவே அதற்கும் நோகும் என்ற எண்ணம் அந்த வயதில் தானாக வருவதில்லை. நகர்வனவெல்லாம் உயிருள்ளவை என்று எண்ணி மேகத்துக்கும் உயிர் உண்டு என்பார்கள். நகராத செடிக்கு உயிர் இல்லை என்பார்கள். பூவைப் பிய்ப்பவரின் கண்ணுக்கு அது ஒரு வண்ணத்தாள்தான்.

‘மிதிக்காதே’ என்பதற்குப் பதில், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். எறும்புச் சாரியைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் பெரிய வட்டம் வரையச் சொல்லி, அந்த வட்டத்துக்குள் யார் காலும் படாமல் பார்த்துக்கொள்ளும் காவலராக அதிகம் மிதிக்கும் குழந்தையையே நியமியுங்கள். பூவுக்கு நான் வைத்திருக்கும் விதி இது: விழுந்தது நமக்கு, நிற்பது செடிக்கு. விழுந்த பூவையும் இலையையும் சேகரிக்க ஆளுக்கொரு பை கொடுத்துவிட்டால் கை கிளையைத் தேடாது. சேகரித்தவற்றைப் பிறகு வகைப்படுத்தும்போது நிறத்தை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத குழந்தை, பெரும்பாலும் ஆண் குழந்தை, உங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாமல் இருக்கக்கூடும். வழவழப்பு, சொரசொரப்பு, விளிம்பில் பல் உண்டா இல்லையா என்று பிரிக்கச் சொன்னால் எல்லாருக்கும் இயலும்.

‘மெதுவாக’ என்ற சொல்லுக்கும் மூன்று வயதில் பொருள் தெரியாது; அதை உடம்பில் காட்ட வேண்டும். ஓர் இறகால் குழந்தையின் முன்கையைத் தடவி, ‘இதுதான் மெதுவாக’ என்று சொல்லுங்கள். அதன் பிறகு தொட்டாற்சிணுங்கியைக் கொண்டுவாருங்கள். தொட்டதும் இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு வீக்கத்திலிருந்து நீர் விலகுவதால் இலைகள் மடங்குகின்றன. மீண்டும் விரியச் சில நிமிடங்கள் ஆகும். மடங்குவதைக் கண்ணாலும் பார்க்கலாம், விரலாலும் உணரலாம். ஒரு குழந்தை ஒரு முறை தொடட்டும். பிறகு எல்லாரும் அது விரியும் வரை காத்திருக்கட்டும். அந்தக் காத்திருப்புதான் பாடம். தண்டில் முள் உண்டு, தொட்டியை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

மண்புழுவை வைத்தும் இதைச் செய்யலாம். அது தோலால் மூச்சு விடுவது; தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே, கையை நனைத்துக்கொண்டுதான் ஏந்த வேண்டும், வெயிலில் வைத்திருக்கக் கூடாது, ஓரிரு நிமிடங்களில் ஈர மண்ணில் விட்டுவிட வேண்டும். காரணத்தைச் சொன்னால் மூன்று வயதும் புரிந்துகொள்கிறது. “அதுக்கு மூச்சு முட்டும், உன் கையை நனை” என்று ஒரு பொடியன் இன்னொருவனை அதட்டியதை நான் கேட்டிருக்கிறேன். கையில் ஏந்த இயலாத குழந்தைக்கும் ஏந்த விரும்பாத குழந்தைக்கும் ஒரு நத்தையைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, தகட்டைத் தூக்கி அடியிலிருந்து காட்டுங்கள். அதன் தட்டையான பாதத்தில் அலை அலையாக ஓடும் அசைவைப் பார்த்தால் மற்றவர்களும் ஓடி வந்து கழுத்தை வளைத்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: என் மகளுக்குச் செவித்திறன் குறைவு, காதுக்கருவி அணிகிறாள். பள்ளியில் பறவை ஒலி கேட்கும் நடை ஒன்றை நடத்தினார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்க, அவள் ஒன்றும் விளங்காமல் நின்றாளாம். அந்த நாட்களில் அவளை அனுப்பாமல் இருந்துவிடலாமா?

பதில்: அனுப்புங்கள், நடையை மாற்றச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொன்னது உங்கள் மகளிடமிருந்து அவளுக்கு உதவும் புலனையும் பறித்துவிட்டது. போதாததற்கு, வெட்டவெளியில் காதுக்கருவி காற்றின் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். அவளுக்கு அந்த நேரம் வெறும் அசதியாக இருந்திருக்கும்.

ஒலி நடை என்பதைப் பறவை நடையாக்கினால் போதும். கூவும்போது தொண்டை புடைப்பது, வாலை ஆட்டுவது, இரையெடுக்கும்போது தலையைச் சாய்ப்பது, தத்துவதும் நடப்பதும் எந்தெந்தப் பறவை என்பது எல்லாம் கண்ணுக்குரிய செய்திகள். வகுப்பு முழுவதும் சில சைகைகளைக் கற்றுக்கொள்ளட்டும். உங்கள் மகள் பழகும் சைகைமொழியில் உள்ளவற்றையே கற்க வேண்டும். ஆசிரியை தாமாக உருவாக்கக் கூடாது. இங்கே உங்கள் மகளுக்கு ஒரு மேன்மையும் கிடைக்கிறது: ‘அதோ’ என்று கத்தினால் பறவை பறந்துவிடும், கையால் சொன்னால் உட்கார்ந்திருக்கும். பறவை பார்ப்பதற்குச் சைகையே ஏற்ற மொழி என்பதைக் காது கேட்கும் குழந்தைகள் மிக விரைவில் கண்டுகொள்வார்கள். அன்றைக்கு அவளே வகுப்புக்கு ஆசிரியை. ஆசிரியை பேசும்போது மட்டும் அவளைப் பார்த்து நின்று, வெயில் அவள் கண்ணில் விழாதபடி பேச வேண்டும்.

கேள்வி: நீண்ட விடுமுறை முடிந்து வந்தபோது வகுப்பிலிருந்த ஆறு செடிகளில் நான்கு பட்டுப்போயிருந்தன. குழந்தைகள் வருவதற்குள் அதே போன்ற புதுச் செடிகளை வைத்துவிடலாம் என்கிறார் தலைமையாசிரியை. அழுவார்கள் என்று எனக்கும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மாற்றி வைக்காதீர்கள். தண்ணீர் இல்லாவிட்டால் செடி வாடும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, மூன்று வாரம் தண்ணீர் இல்லாமலும் அது தளதளவென்று நிற்பதைக் காட்டினால், நீங்கள் சொன்னதில் எதைத்தான் நம்புவார்கள்? யாராவது ஒரு குழந்தை கண்டுபிடித்தும்விடும். உங்கள் வகுப்பில் ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால், அதற்கு முதல் ஆளாக இருக்கும் வாய்ப்பு அதிகம், ஏனெனில் சிறு மாற்றமும் அவர்களில் பலரின் கண்ணுக்குத் தப்புவதில்லை.

“இந்தச் செடி செத்துவிட்டது” என்று நேராகச் சொல்லுங்கள். ‘தூங்குகிறது’ என்று சொன்னால் இரவில் தூங்கப் பயப்படும் வயது இது. ‘போய்விட்டது’ என்றால் எப்போது திரும்பும் என்று கேட்கும் வயது. சாவு மீளாதது என்பது இன்னும் பிடிபடாததால் மறுநாளும் அதையே கேட்பார்கள். மறுநாளும் அதே பதிலைச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் தாமே காரணம் என்று நினைத்துக்கொள்ளும் வயதும் இதுதான். அதனால், ‘இது உங்கள் தவறல்ல, விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காதது பெரியவர்களின் தவறு’ என்று சொல்லிவிடுங்கள். உண்மையும் அதுதானே.

பிறகு செடியை வேரோடு எடுத்து, பிழைத்த செடியின் இலையையும் பட்ட செடியின் இலையையும் தடவி, முகர்ந்து, நொறுக்கிப் பார்க்கட்டும். பட்டதை நறுக்கி ஒரு பெரிய தொட்டியில் மண்ணோடு புதைத்து, வாரம் ஒரு முறை கிளறிப் பாருங்கள். இலை நார் நாராகி, கறுத்து, மண்ணோடு மண்ணாவதை அவர்கள் காணட்டும். அந்த மண்ணிலேயே அடுத்த விதையைப் போடலாம். அழுகிற குழந்தை அழட்டும். ஒரு செடிக்காக அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்த அவசரப்படும் ஆசிரியைகளை எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை.

கேள்வி: புவி வெப்பமடைதல், காடழிப்பு ஆகியவற்றை மழலையர் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: வேண்டாம். ஐ.நா. அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை, கல்வியின் நோக்கங்களில் ஒன்றாக இயற்கைச் சூழலுக்கு மதிப்பளிப்பதை வளர்ப்பதையும் 29ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறது. மதிப்பு வளர வேண்டும் என்றுதான் அது சொல்கிறது, அச்சம் வளர வேண்டும் என்றல்ல. ‘அடுத்த வாரம்’ என்பதே இன்னும் பிடிபடாத நான்கு வயதுக் குழந்தையிடம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் ஆபத்தைச் சொன்னால், அது நாளைக்கே வரும் என்று நினைக்கும். தன்னால் ஒன்றும் செய்ய முடியாத பயத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காட்டைப் பற்றி அழத் தெரியும் முன் ஒரு மரத்தோடு பழகத் தெரியட்டும். ஆண்டு முழுவதும் ஒரே மரத்திடம் வாரந்தோறும் போய், பட்டையைத் தடவி, நிழலை அளந்து, விழுந்தவற்றைப் பொறுக்கி வரும் வகுப்புக்கு வேறு சுற்றுச்சூழல் பாடம் தேவையில்லை. ஆண்டுக்கொரு நாள் கன்று நட்டுப் படமெடுத்துக்கொள்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நட்ட கன்றைக் கேட்டால் தெரியும்.

செய்தியில் வெள்ளத்தையோ காட்டுத்தீயையோ பார்த்துவிட்டு ஒரு குழந்தை தானாகக் கேட்டால் மட்டும் மழுப்பாதீர்கள். நடந்ததை இரண்டே வாக்கியங்களில் சொல்லி, அங்குள்ளவர்களுக்கு யார் யார் உதவிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: விதை, மண், பூச்சி என்றெல்லாம் எழுதுகிறீர்கள். பாதுகாப்பு?

பதில்: நியாயமான கவலை. எல்லாவற்றையும் வாயில் வைக்கும் குழந்தை, எந்த வயதானாலும், பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் அருகிலேயே இருக்க வேண்டும். விதைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கிலோ காதிலோ விதை போய்விட்டால் நீங்களாகக் குச்சியோ இடுக்கியோ விட்டு எடுக்க முயலாதீர்கள். காதில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், நனைந்த விதை உப்பி இறுகிக்கொள்ளும். மருத்துவரிடம் போங்கள்.

அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவை நஞ்சு. வகுப்புக்குள் வரவே கூடாது. அழகான சிவப்பும் கறுப்புமாக இருப்பதால் எண்ணிப் பழகக் குன்றிமணியைக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சன்னலோரத்தில் பலரும் வளர்க்கும் மணி பிளான்ட் இலையைக் கடித்தாலும் அதிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் வாயை எரிய வைக்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள். கடைகளில் விற்கும் சில விதைகளுக்கு மருந்து தடவி நிறமேற்றியிருப்பார்கள், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மணல்தொட்டியைப் பூனைகள் அசுத்தப்படுத்தாதபடி இரவில் மூடி வையுங்கள். மண்ணைத் தொட்ட கைகளைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவ வேண்டும். கழுவும் தொட்டி சக்கர நாற்காலியிலிருந்து எட்டுகிறதா என்றும் பாருங்கள். மூச்சிளைப்பு (ஆஸ்துமா) உள்ள குழந்தையை ஈரச்சருகுக் குவியலைக் கிளற விடாதீர்கள், அதில் பூஞ்சை இருக்கும். யாருக்கு எது ஒவ்வாது என்பதைத் தொடங்கும் முன்பே பெற்றோரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மழலையர் பள்ளி இரண்டாவது மாடியில் இருக்கிறது, ஒரு பிடி மண்கூடக் கிடையாது. இவையெல்லாம் எங்களுக்கு இல்லைதானே?

பதில்: மழலையர் பள்ளிக்குக் ‘குழந்தைகள் தோட்டம்’ என்ற பொருளில் ‘கிண்டர்கார்டன்’ என்று 1840இல் பெயர் சூட்டிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல், தம் பள்ளியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தியும், எல்லாருக்குமாகப் பொதுப் பாத்தியும் வேண்டும் என்று நினைத்தவர். உங்களுக்குப் பாத்தி இல்லை. சன்னல் இருக்கிறது அல்லவா? சன்னல் விளிம்பில், குழந்தையின் மார்புயரத்தில், கம்பியில் கட்டிய நான்கு தொட்டிகள் போதும். கண்ணாடிக் குவளையின் உட்சுவரை ஒட்டி ஈரத்தாளை வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் விதையைச் செருகினால் வேர் இறங்குவது முழுவதும் தெரியும். வேர் விரல் நீளம் வந்ததும் குவளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடுங்கள். ஓரிரு நாளில் வேர் வளைந்து மறுபடியும் கீழ்நோக்கியே போகும். ‘அதுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாமல், இன்னொரு முறை குவளையைத் திருப்பி வைக்க விடுங்கள்.

தொட்டிகளின் அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாடிப் பள்ளிகளில் தரை நனையக் கூடாது என்று துளையில்லாத தொட்டியை வாங்கி, இரண்டாம் வாரமே செடியை அழுக விட்டுவிடுகிறார்கள். துளையுள்ள தொட்டியின் அடியில் ஒரு தட்டு வையுங்கள். அந்தத் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவதையும் வேலைப்பலகையில் ஓர் அட்டையாகச் சேர்த்துவிட்டால், அதற்கும் ஆள் கிடைத்துவிடும்.